முதல் குறையாத மேய்ச்சல் நிலம்

நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலில் பணியாற்றும் எங்களுக்கு மழையும் பசுமையும் அன்றாடக் காட்சிகள். தென்னையும் ரப்பரும் அடர்ந்த அத்தீவிலிருந்து கப்பலில் ஸ்ரீ விஜயபுரம், விமானத்தில் சென்னை, இரயிலில் திருப்பூர் எனப் பயணம் செய்து, கடந்த தை மாதத்தில் குடும்பத்துடன் காங்கேயம் சென்றோம். திருப்பூரிலிருந்து 30 கி.மீ.க்கும் குறைவான தொலைவுதான். ஆனால், வறண்ட வானமும் வெளிறிய புல்வெளியும் எங்களுக்கு வேறோர் உலகமாகவே தோன்றின.

அரிசி ஆலைகளுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற இச்சிற்றூரை நாடறியச் செய்தவை அதன் மாடுகளே. 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாட்டு மாட்டினங்களுக்காக வெளியிட்ட தபால்தலைகளுள் காங்கேயம் காளையும் இடம்பெற்றது. இவ்வினத்தைத் தேர்ந்து வளர்த்த பெருமையில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்திற்குப் பெரும்பங்கு உண்டு. கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்திற்கு மாறுகின்றன. காளைகளுக்குத் திமிலும் கழுத்தும் கருமையேறுகின்றன.

மாடுகளைக் காணச் செல்பவர்கள் அவை மேயும் கொறங்காட்டையும் காண வேண்டும். முள் நிறைந்த கிளுவை மரங்களே இதற்கு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தருகின்றன. புல் வற்றும் காலத்தில் அவற்றின் காய்கள் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகின்றன. நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்த மாடுகளை அடுத்த பகுதிக்கு மாற்றுகிறார்கள். மேய்ந்த இடம் ஓய்வெடுத்து, மழையில் மீண்டும் துளிர்க்கிறது.

ஒரு கொறங்காட்டின் படலைத் திறந்து எங்களை வரவேற்ற முதியவர், இதனை ஒரே வாக்கியத்தில் விளக்கினார்: "புல்லை வேரோட மேய உட்டா, அடுத்த வருசம் மண்ணைத்தானுங்க மேயோணும்!" வட்டியை மட்டும் செலவிட்டு முதலைக் காப்பாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாம் கூறுவதும் இதுவேயன்றோ!

ஆயினும், இந்த முதலுக்கே இன்று ஆபத்து நேர்ந்திருக்கிறது. கவலை இறைத்த காளைகளின் வேலையை மோட்டார் பம்புகளும், உழவு வேலையை டிராக்டர்களும் எடுத்துக்கொண்டன. உழைப்புக்கென வளர்த்த இனமாதலால், பால் அளவில் கலப்பினப் பசுக்களோடு இவற்றால் போட்டியிட இயலவில்லை. மாடு குறையக் குறைய, கொறங்காட்டை வைத்திருக்கும் காரணமும் குறைகிறது. தம் நிலத்தை ஒட்டிய காடு மனைகளாகிவிட்டதை முதியவர் சுட்டிக்காட்டினார். அங்கு கிளுவை வேலி இருந்த இடத்தில் எல்லைக் கற்கள் நின்றன. "எம்பட காலம் வரைக்கும் விக்க மாட்டனுங்க" என்றார். அதற்குப் பின் என்னவாகும் என்று நாங்கள் கேட்கவில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2017ஆம் ஆண்டின் ஜல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பின்னர் நாட்டு மாடுகள் மீது இளைஞர்களின் கவனம் திரும்பியது. குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இவ்வினத்தையும் கொறங்காட்டையும் காக்கப் பாடுபடுகிறது. விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டு வசதி 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தீவனம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்காக மாட்டையோ நிலத்தையோ விற்கும் நிலையைத் தவிர்க்க இது உதவும்.

இங்கு வருவோர் இரண்டு நாள்கள் ஒதுக்குவது நன்று. அதிகாலையில் சிவன்மலை ஏறி முருகனைத் தரிசிக்கலாம். பக்தரின் கனவில் ஆண்டவர் உணர்த்திய பொருளை வைத்திருக்கும் 'உத்தரவுப் பெட்டி' இத்தலத்திற்கே உரிய சிறப்பு. மலைமீதிருந்து சுற்றுப்புறச் சமவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையாயின் பழையகோட்டை மாட்டுச் சந்தையையும், சித்திரையாயின் கண்ணபுரம் மாட்டுச் சந்தையையும் காணலாம். நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், பழங்காலத்தில் இரும்புக்கும் மணிகளுக்கும் பெயர்பெற்ற ஊர். திருப்பூர் அருகே நஞ்சராயன் குளத்தில் பறவைகளையும் காணலாம். கொறங்காட்டினுள் செல்வோர் உரிமையாளரிடம் அனுமதி பெறுவதும், திறந்த படலை மீண்டும் சாத்துவதும் கடமை.

நாங்கள் விடைபெற்றபோது முதியவரும் படலைச் சாத்தி, கயிற்றால் இறுகக் கட்டினார். உள்ளே ஒரு செந்நிறக் கன்று தாயின் பின்னே புல்லை முகர்ந்து சென்றது. அது வளர்ந்து நிறம் மாறும்போதும் அந்த வேலி அங்கேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம்.