பாட்டனார் பிறந்த ஊர்

தாமிரபருணி கடலோடு கலக்கப்போகும் தறுவாயில் நனைத்துச் செல்லும் ஊர் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பேர்போன பூமி. இதற்கு வடக்கே இரண்டு காத தூரத்திற்குள் தூத்துக்குடித் துறைமுகம். 1876-ல் அங்கே ரயில் வந்து சேர்ந்த பிறகு, முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற அக்கடலில் மற்றொரு சரக்கும் கொழும்பை நோக்கிப் போகலாயிற்று. அது மனிதச் சரக்கு. திருச்சியிலும் சேலத்திலும் மதுரையிலும் நெல்லையிலும் பஞ்சத்தாலும் கடனாலும் நொந்தவர்கள், தட்டப்பாறை முகாமில் சிலநாள் தங்கிக் கப்பலேறினார்கள். அவ்வாறு சென்ற குடும்பத் தலைவனை, தகப்பனாகவும் பாட்டனாகவும் வாழ்ந்து மடிந்த அந்த எளியவனை, இன்று நினைவுகூர்வோம்.

இலைநோயால் காப்பிப் பயிர் அழிந்த மலைகளில் தேயிலையை நட்டவன் அவனே. கங்காணி கொடுத்த முன்பணம் அவன் தலையில் கடனாக ஏறிற்று. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டே அவனை ஒரு துரையிடமிருந்து மற்றொரு துரையிடம் கைமாற்றியது. அம்முறை 1921-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இத்தனைக்கும் நடுவே அவன் குடும்பத்தைக் கைவிட்டானில்லை. லயத்தின் ஒற்றை அறையில் மனைவி மக்களைக் காத்தான். பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலி கேட்டு விடியுமுன் எழுந்தான். தன் முதுகு வளைந்தாலும் மகன் எழுத்தறியட்டும் என்று தோட்டத்துப் பள்ளிக்கு அனுப்பினான். பேரனைத் தோள்மேல் ஏற்றிக் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் காண வைத்தான். அவன் விட்டுச்சென்ற ஆஸ்தி இவ்வளவே.

1947 தேர்தலில் இம்மக்கள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர்களுள் சௌமியமூர்த்தி தொண்டமான் ஒருவர். கூலியாகக் கடல் கடந்து, பின்னர் தோட்டத்துக்கே உடையவரான கருப்பையா என்பவரின் மகன் அவர். ஒரே தலைமுறையில் நேர்ந்த ஏற்றம் இது.

மறுவருஷமே இடி விழுந்தது. 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிலேயே பிறந்தவனையும் பார்த்து, “உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்தார்களா?” என்று கேட்டது. ஒரு தேசம் தன் பிரஜைகள் யார் என்று வரையறுக்க அதிகாரமுடையது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நியாயம் அறிந்தவர் ஒன்று சொல்ல வேண்டும். பிறப்புச் சீட்டு கைவசம் இல்லாமல் லயத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் மூன்று தலைமுறைக்குச் சாட்சியம் கேட்பது விசாரணையாகாது. முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பாகும். பாட்டன் உழைத்தான் என்பதற்கு மலை முழுதும் சாட்சி. பாட்டன் பிறந்தான் என்பதற்குச் சீட்டு இல்லையாம்!

1949-ல் ஓட்டுரிமையும் போயிற்று. அவ்வருஷத்து மற்றொரு சட்டத்தின்கீழ்ச் சுமார் 8 லட்சம் பேர் பிரஜாவுரிமை கோரினர். பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. பிறகு 1964 அக்டோபர் 30-ல் புது தில்லியும் கொழும்பும் கூடி 9,75,000 பேரைப் பங்கிட்டன. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தனர். எந்தக் கரை வேண்டும் என்று அம்மக்களைக் கலந்து ஒப்பந்தம் எழுதவில்லை. கொழும்பைக் குறைகூறும் நாம் தில்லியின் பங்கை மறைத்தல் தகாது. ஒரே அடுப்பில் உண்ட குடும்பங்கள் இரண்டாயின. பாட்டன் ஒரு கரை, பேரன் ஒரு கரை. இங்கே வந்தவர்களில் பலர் 1968-ல் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில், நீலகிரியில், மீண்டும் கொழுந்து பறித்தனர். தாய்நாடு திரும்பியவனை நம்மவர் ‘சிலோன்காரன்’ என்றழைத்தது நமக்குப் பெருமையன்று.

1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் அந்நாடு 2003-ல் பிரஜாவுரிமை வழங்கியது. பாட்டனார் காலத்து வழக்கு பேரன் காலத்தில் தீர்ந்தது. வாதி அதற்குள் தேயிலைச் செடிகளின் அடியில் மண்ணாகிவிட்டார்.

வாசகர்களே! உங்கள் ஊரில் கடல் கடந்து சென்று மீண்ட குடும்பம் ஒன்றேனும் இருக்கும். அவ்வீட்டு முதியவரிடம் சென்று, அவருடைய பாட்டனார் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், உழைத்த தோட்டத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். சர்க்கார் கேட்டபோது அவரிடம் இல்லாத சீட்டை நாமேனும் எழுதிக் கொடுப்போம்.