உங்களுக்குத் தெரியுமா? – கரிசல் காட்டின் நடைச் சொற்கள்

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோவில்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு, "காலாற நடந்துட்டு வாரேன்". அச்சில் 'காலாற' என்றும் 'காலார' என்றும் இரண்டு விதமாக வருகிறது. 'ஆற' என்றால், உட்கார்ந்தே மரத்துப்போன கால் இளைப்பாற நடப்பது. 'ஆர' என்றால், கண்ணார, மனமார என்பதைப் போலக் கால் நிறைவு கொள்ளும்வரை நடப்பது. எந்த எழுத்தைப் போட்டாலும் அவசரம் இல்லாத நடைதான்.

★ பொடிநடையில் வரும் 'பொடி'க்குச் சிறிது என்று பொருள். பொடிப்பயல் என்கிறோமே, அதே பொடி. சின்னச் சின்ன அடியாக வைத்துப் போவது பொடிநடை. இதற்கு நேர் எதிர் 'எட்டி நட': பொழுது அடைவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டியவருக்குச் சொல்வது.

★ "பைய வா" என்பதைத் தென்மாவட்டக் கொச்சை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். தவறு. மெதுவாக என்ற பொருள் தரும் இந்தப் 'பைய', 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரையில் பாடிய தேவாரத்திலேயே இருக்கிறது. கரிசல்காட்டுப் பாட்டி அதை இன்றும் விடாமல் வைத்திருக்கிறாள்.

★ உலாவுதல், உலாத்துதல் இரண்டும் 'உலா'வின் உறவு. உலா என்றால் ஒரு காலத்தில் இறைவனோ அரசனோ வரும் பவனி; அதைப் பாடும் நூலுக்கும் அதுவே பெயர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாவுக்கு 'ஆதியுலா' என்றே பெயர். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்கள்மேல் பாடியவை சேர்ந்து மூவருலா ஆயின. கோவில்பட்டியில் பங்குனித் திருவிழா வந்தால் செண்பகவல்லி அம்மனும் பூவனநாதரும் இன்றும் வீதியுலா வருகிறார்கள். அதே சொல் பேச்சில் தேய்ந்து 'லாத்துறது', 'லாந்துறது' என்றானபோது, வேலை வெட்டி இல்லாமல் சுற்றுவது என்று பொருள் இறங்கிவிட்டது.

★ 'திரிதல்' என்பதன் அடிப்படை சுழற்சி. மாவரைக்கும் திரிகையும், முறுக்கிய விளக்குத் திரியும் அந்த வேரில் வந்தவையே. சுற்றிச் சுற்றி வருவதால்தான் ஊர் திரிகிறான்.

★ கரிசலில் எனக்கு மிகப் பிடித்த சொல், வெறும் 'நடை'. இங்கே அது எண்ணிக்கையும்கூட. "இன்னும் ரெண்டு நடை தண்ணி எடுக்கணும்" என்றால், குடத்தோடு இரண்டு தடவை போய் வர வேண்டும் என்று அர்த்தம். தண்ணீருக்காக நடந்த ஊரில் வேலையை அளக்கும் அளவையாகவே நடை ஆகிவிட்டது. மண்ணும் லேசில் நடக்க விடாது. நீரைக் குடித்து உப்பும் களி மிகுந்த மண் இது. மழையில் அடிக்கு அடி பாதத்தில் அப்பி, காலைத் தூக்க முடியாதபடி கனக்கும். கோடையில் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காலாற நடப்பது இங்கே எளிதில் கிடைத்த சுகமல்ல.

★ சாவகாசமாக நடப்பதற்கு ஆங்கிலத்தில் 'சாண்ட்டர்' என்று ஒரு சொல். புனித பூமிக்குப் போவதாகச் சொல்லித் திரிந்தவர்களால் அது பிறந்தது என்று 1862-இல் வெளியான கட்டுரையில் அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதினார். அழகான கதை, சொல்லாய்வாளர்கள் ஏற்கவில்லை. நம் பக்கத்திலோ புனித நடைக்குத் தனிச் சொற்களே உண்டு. திருச்செந்தூருக்கும் இருக்கன்குடிக்கும் போவது பாதயாத்திரை. கழுகுமலையைப் பௌர்ணமியில் சுற்றுவது கிரிவலம். மலை நமது வலப்பக்கம் இருக்கும்படி சுற்றுவதால் வலம்.

★ கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன், இந்த மண்ணின் பேச்சைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகத் தந்தார். ஊர் சனங்களின் வாயிலிருந்து சேர்ந்த சொற்கள் அவை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடைக்கு என்னென்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று இன்றே கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.