நட்ட கன்றும் தொடங்கிய மருந்தும்

ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. 1950இல் அன்றைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் இது.

மரத்துக்கும் மருத்துவத்துக்கும் நம் ஊரில் பழைய உறவு உண்டு. காசநோய்க்கு மருந்தே இல்லாத 1928இல், டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். தூய காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. 1937இல் அரசு அதனை ஏற்றது. இரயில் நிலையத்தின் பெயரில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது.

இன்று நம்மிடம் மருந்து இருக்கிறது. அதனை முடிக்கும் பொறுமைதான் குறைகிறது. வடமாநிலங்களில் ஜூலையில் நட்ட கன்றுக்குப் பருவமழை துணைநிற்கும். நமக்கோ பெருமழை அக்டோபரில்தான். அதுவரையிலும், பின்வரும் கோடையிலும் நாம்தான் நீரூற்ற வேண்டும். விழாவன்று கூடிய கூட்டம் மே மாதத்தில் வருவதில்லை, கன்று கருகிவிடுகிறது.

காசநோய்ச் சிகிச்சையிலும் இதனையே காண்கிறேன். மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் தணியும், பசி திரும்பும். நோய் நீங்கிவிட்டதென எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் உளர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும். பொதுவாக 6 மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும். சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். “இன்று மாத்திரை சாப்பிட்டாயா?” என்று நாள்தோறும் கேட்க வீட்டில் ஒருவர் இருப்பது பெரும் துணை.

விழாவில் பங்கேற்க விரும்புவோர் கவனிக்க:

• ஆஸ்துமா உள்ளவர்கள் குழி தோண்டுவதைத் தவிர்த்து, நீரூற்றும் பணியை ஏற்கலாம். முகக்கவசமும் இன்ஹேலரும் உடனிருக்கட்டும்.

• நீரிழிவு உள்ளவர்கள் மூடிய காலணியும் கையுறையும் அணிக.

• சளியில் காசநோய்க் கிருமி உள்ளவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை கூட்டத்தைத் தவிர்க்க.

• புங்கன், மகிழம், பூவரசு போன்ற நம் மண்ணின் மரங்களைத் தேர்ந்தெடுங்கள். மகரந்த ஒவ்வாமை குறித்த கவலையால் குஜராத் 2023இல் தடைசெய்த கோனோகார்பஸ் வேண்டாம்.

நட்டவர் கோடையிலும் குடத்துடன் வருக. மருந்து தொடங்கியவர், உடல் தேறிய பின்னரும், மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை தொடர்க.