ஆண்டர்சன்பேட்டையின் அஞ்சல் குறியீடு ஒரு பகா எண்: 563113-இல் ஒளிந்திருக்கும் கணிதம்

கர்நாடக மாநிலம், கோலார் தங்கவயலில் தமிழர்கள் திரளாக வாழும் ஆண்டர்சன்பேட்டையின் அஞ்சல் குறியீட்டு எண் 563113. கடிதங்களைப் பிரிப்பதற்காக அளிக்கப்பட்ட இந்த ஆறிலக்க எண், கணித நோக்கில் ஒரு பகா எண். அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது.

இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு முறை 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானது. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். பகா எண்ணாக அமைவது முற்றிலும் தற்செயலே. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 13-இல் ஒன்றுதான் பகா எண்.

எப்படி உறுதி செய்வது?

750-இன் வர்க்கம் 5,62,500. 751-இன் வர்க்கம் 5,64,001. எனவே 563113-க்குக் காரணி இருந்தால், அவற்றுள் ஒன்று 750-க்கு மேற்படாது. அந்த எல்லைக்குள் உள்ள 132 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஒன்றாலும் மீதியின்றி வகுபடுவதில்லை.

அண்டைப் பகுதிகளும் இதில் சேர்கின்றன. சாம்பியன் ரீஃப்பின் எண்ணான 563117, மாரிக்குப்பத்தின் எண்ணான 563119 ஆகியவையும் பகா எண்களே. 2 மட்டுமே வேறுபடும் பின்னிரண்டும் 'இரட்டைப் பகா எண்கள்'. இத்தகைய இணைகள் முடிவில்லாமல் உள்ளனவா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

மேலும், 4-ஆல் வகுக்கும்போது 1 மீதி தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே வழியில் எழுதலாம். 563113 என்பது 237-இன் வர்க்கமும் 712-இன் வர்க்கமும் சேர்ந்தது.

இதனால் என்ன பயன்?

இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை 1977-இல் உருவானது. இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கற்பலனிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம் என்பதே அதன் அடித்தளம்.

ஆனால் எந்த இரு பகா எண்களும் இதற்கு உதவா. ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் எண்களின் பெருக்கற்பலன் 3,17,09,85,03,221. அதனுடன் 4-ஐக் கூட்டினால் 563115-இன் வர்க்கம் கிடைக்கிறது. 4 என்பது 2-இன் வர்க்கம். ஆகவே 563115-இலிருந்து 2-ஐக் கழித்தும் கூட்டியும் இரு காரணிகளையும் நொடியில் கண்டுவிடலாம். நெருங்கிய பகா எண்களால் செய்த பூட்டு எளிதில் திறந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

எனவே நடைமுறையில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட, ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள பகா எண்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க இயலாது. ஓர் எண் பகா எண்ணா என்பதைக் குறுகிய படிகளில் ஐயத்துக்கிடமின்றித் தீர்மானிக்கும் வழிமுறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் உலகுக்கு அளித்தனர்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. கடித உறைகளின் மீது எழுதப்படும் அதன் எண்களில் மட்டும் தோண்டுவதற்கு இன்னும் மிச்சமிருக்கிறது.