கன்னம் சொல்லும் அளவு

பறக்கும் களிமண் தட்டைச் சுடப் பழகுகிறவர்கள் புதுத் துப்பாக்கி கைக்கு வந்ததும் ஒரு காரியம் செய்வார்கள். மரக்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எட்டினால் அளவு சரியாம். சுடும்போது முழங்கை அப்படி மடிந்திருப்பதே இல்லை. கழுத்தின் நீளம், தோளின் அகலம், கன்னத்துச் சதை என்று தேவையான எதுவும் அந்தச் சோதனையில் அகப்படாது.

டீ ஆறுவதற்குள் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ரைபிளில் முன்னால் ஒரு குறிகாட்டி, பின்னால் ஒன்று. இரண்டையும் ஒரு கோட்டில் நிறுத்திவிட்டால், கட்டை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். தட்டைச் சுடும் ஷாட்கன்னில் பெரும்பாலும் குழல் முனையில் ஒரு சிறு மணி மட்டும்தான். பின்குறிகாட்டியின் வேலையை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ, கண் அங்கேதான் நிற்கும். கண் உயர்ந்தால் தோட்டாவிலிருந்து சிதறும் ரவை மேலே போகும். இடப்பக்கம் விலகினால் ரவையும் இடப்பக்கம் போகும்.

எவ்வளவு விலகும் என்பதற்கு ஒரு அழகான கணக்கு உண்டு. கண்ணிலிருந்து முனை மணி வரை ஏறக்குறைய ஒரு கெஜம். வெள்ளையடித்த இரும்புத் தகடு ஒன்றை 16 கெஜத்தில் நிறுத்துங்கள். தூரம் 16 மடங்கு ஆனதால், கண்ணருகே 1/16 அங்குலப் பிசகு தகட்டில் ஒரு அங்குலமாகத் தெரியும். பல தோட்டாக்கள் சுட்டபின் ரவைகளின் நடு மூன்று அங்குலம் மேலே விழுந்திருந்தால், கன்னம் படியும் விளிம்பை 3/16 அங்குலம் இறக்க வேண்டும். 32 கெஜத்தில் இந்தப் பிசகு இரட்டிப்பாகும். தட்டின் குறுக்களவே 110 மில்லிமீட்டர்தான், நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் தகட்டில் நின்று நிதானித்துக் குறிபார்க்கக் கூடாது. தூக்கியதும் சுட வேண்டும். நேரம் கொடுத்தால் கழுத்தைக் கோணி, தலையைச் சாய்த்து, துப்பாக்கிக்கு ஏற்ப உடம்பைத் திருத்திக்கொள்வோம்; பிழை ஒளிந்துகொள்ளும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் அளவெடுப்பதற்கென்றே மூட்டுகளும் திருகாணிகளும் கொண்ட கட்டை ஒன்றைச் செய்தார்கள். நீட்டலாம், தாழ்த்தலாம், பக்கவாட்டில் வளைக்கலாம். வாடிக்கையாளரைத் தகட்டில் சுடவைத்து, திருகித் திருகி அளவெடுத்து, பிறகு வால்நட் மரத்தை அந்த அளவுக்குக் கடைந்தார்கள். ஏற்கெனவே செய்த கட்டை என்றால் சூடான எண்ணெயை ஊற்றி மெல்ல வளைப்பார்கள். அந்தக் கைவேலை இன்றும் இருக்கிறது. போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் இப்போது கன்னப்பகுதியையே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

ஒரே ஆளுக்கும் ஆட்டத்தைப் பொறுத்து அளவு மாறும். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது ட்ராப். அதில் தட்டு மேலேறிக்கொண்டே விலகி ஓடும். அதனால் ட்ராப் கட்டையில் கன்னம் உயர்ந்து நிற்கும். ரவை சற்று மேலே போகும், தட்டும் குழலுக்கு மேலே கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஸ்கீட் என்ற இன்னொரு ஒலிம்பிக் ஆட்டத்தில் தட்டு தெரியும்வரை துப்பாக்கி இடுப்பருகே இருக்க வேண்டும். பிறகு சட்டென்று தூக்கும்போது நீளமான கட்டை அக்குளில் சிக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், இரண்டில் எந்தக் கண் குறியை நடத்துகிறது, அதாவது எது தலைமைக் கண் என்று தெரிய வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரு கண்ணும் திறந்தபடி சுவர்க் கடிகாரத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். இடக்கண்ணை மூடுங்கள். விரல் கடிகாரத்தின் மேலேயே நின்றால் வலக்கண், நகர்ந்துவிட்டால் இடக்கண். வலத்தோளில் சுடுகிறவருக்கு இடக்கண் தலைமை என்றால், கட்டையைக் கொஞ்சம் திருத்துவதால் மட்டும் குழப்பம் தீராது. கண்ணாடியின் இடப்பக்கம் சிறு ஒட்டுப்பட்டை போட்டுப் பார்ப்பதுதான் மலிவான வழி.

அளவுகளில் நீளத்துக்குத்தான் எல்லாரும் அலைவார்கள். பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் போதும். மிச்சக் கவலையைக் கன்னத்துக்குக் கொடுங்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணைத் திறங்கள். குழலின் பின்பகுதி மட்டும் தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் நுரைப்பட்டையை ஒவ்வொரு அடுக்காக ஒட்டிப் பாருங்கள். மரத்தைச் செதுக்குவது கடைசியில்தான்.

தூக்கும் முறை இன்னும் படியாதவர் அளவெடுக்கப் போவது வீண்செலவு. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் படிந்தால் எந்த அளவை எடுப்பது? அளவெடுத்தவரும் நன்றாகச் சதைபோட்டாலோ மெலிந்தாலோ மறுபடி தகட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.