பிள்ளைகளின் உடல் இயக்கத்தை அளந்தறிதல்

எவ்வளவு இயக்கம் தேவை

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். அந்த இயக்கம் மிதமானதாகவாவது இருக்க வேண்டும்: பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமானது. வாரத்தில் மூன்று நாளேனும் கடுமையான இயக்கமும், தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

146 நாடுகளின் 2016ஆம் ஆண்டு நிலையைக் கணித்த ஆய்வில், 11 முதல் 17 வயது வரையான மாணவரில் 81 சதவீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 78, பெண்களில் 85 சதவீதம்.

கேட்டறிதலின் குறை

இத்தகைய கணக்குகள் பெரும்பாலும் மாணவர் நிரப்பும் வினாத்தாளிலிருந்து வருகின்றன. இலங்கையிலும் 2016இல் நடந்த மாணவர் சுகாதார ஆய்வு, கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் 60 நிமிடம் இயங்கினாய் என்ற கேள்வியையே பயன்படுத்தியது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது சரியாக நினைவிராது. பெரிய பிள்ளைகள் கூட்டிச் சொல்வதும் உண்டு. இடுப்பில் கட்டும் அசைவுமானி வினாத்தாளைவிடத் துல்லியமானது, ஆனால் விலை கூடியது.

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவு போன்ற கரையோர ஊர்களில் இன்னொரு சிக்கல் எழுகிறது. "விளையாடினாயா?" என்று மட்டும் கேட்டால், தகப்பனோடு வலை இழுத்த பையனும் தண்ணீர் சுமந்த பிள்ளையும் இல்லை என்றே சொல்வார்கள். பாடசாலைக்கு நடப்பது, சைக்கிள் மிதிப்பது, வீட்டு வேலை யாவும் இயக்கமே. மறுபுறம், பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் மதரசாவிலோ ரியூசனிலோ, பிறகு கைத்தொலைபேசியோடோ உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் தனியே கேட்க வேண்டும். பருவமடைந்த பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வருவது குறையும் ஊர்களில், அவர்களின் கணக்கை ஆண்களின் கணக்கோடு கலந்துவிட்டால் உண்மை நிலை மறைந்துபோகும்.

உடற்தகுதிச் சோதனைகள்

இயக்கம் என்பது செய்யும் செயல். உடற்தகுதி என்பது உடலின் திறன். இரண்டையும் வெவ்வேறாக அளக்க வேண்டும். இதய, நுரையீரல் திறனுக்கு எளிய வழி 20 மீற்றர் மாறோட்டம். இரு கோடுகளுக்கிடையே ஒலிக்கு ஏற்ப ஓட வேண்டும். வேகம் மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கிலோமீற்றர் கூடும். கோடு போட ஓர் இடமும் ஒலிப்பதிவும் போதும். நின்ற இடத்திலிருந்து நீளம் பாய்தல் கால் வலுவைக் காட்டும். இந்தியாவில் 2019இல் தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கத்தின் பாடசாலைச் சோதனைகளில் 600 மீற்றர் ஓட்டமும் அமர்ந்து கை நீட்டுதலும் உள்ளன.

பாடசாலையில் ஏற்கெனவே இருப்பவை

இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1, 4, 7, 10 மாணவருக்கு நடக்கிறது. அப்போது உயரமும் நிறையும் எடுக்கப்பட்டு உடற்திணிவுச் சுட்டி கணிக்கப்படும். ஆனால் மெலிந்த பிள்ளை தகுதியானது என்றோ, பருத்த பிள்ளை தகுதியற்றது என்றோ அந்தச் சுட்டி சொல்லாது. இல்ல விளையாட்டுப் போட்டி முந்தி ஓடும் சிலரைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றவர்களின் திறனை எவரும் குறித்துவைப்பதில்லை. பெரிய குறை இதுவே. ஒவ்வொரு பிள்ளையின் ஓட்டமும் பாய்ச்சலும் தவணைக்கொரு தடவை பதிவானால், உடற்கல்வி ஆசிரியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பயன்படும் ஆவணம் உருவாகும்.

சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

கரையோர வெயிலில் நண்பகல் ஓட்டம் ஆபத்தானது. காலை முதற்பாட வேளையே ஏற்றது. சாப்பிடாமல் வந்த பிள்ளையை ஓடவிடக் கூடாது. தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். இழுப்பு, இதயநோய் உள்ளவர்களை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நிறையையும் முடிவையும் வகுப்பில் உரக்க வாசிக்கக் கூடாது. பருவ வளர்ச்சி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வயதில் வருவதால், ஒரு பிள்ளையை அதன் முந்தைய அளவோடு ஒப்பிடுவதே முறை.