வயல்நீரில் மறைந்திருக்கும் கிருமி

வயலில் தேங்கி நிற்கும் நீர் தெளிந்திருக்கலாம். ஆயினும் அது தீங்கற்றதெனக் கண்ணாற் கண்டு துணிதல் இயலாது. எலி, மாடு, நாய் முதலிய பிராணிகளின் சிறுநீரகத்தில் தங்கும் லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா, அவற்றின் சிறுநீருடன் வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழ வல்லது. அதனைச் சுமக்கும் எலியோ நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. சேற்றில் இறங்குபவரின் காலிலுள்ள சிறு கீறலே கிருமி உட்புகப் போதுமானது. இவ்வாறு உண்டாவதே எலிக்காய்ச்சல். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாமெனப் பதிவாயிற்று.

யப்பானிய அறிஞரான இனாடா, இடோ ஆகியோர் 1915இல் இக்கிருமியைக் கண்டறிந்தனர். எனினும், நோயாளரின் உடலில் அதனைக் காண்பது வேறு. மண்ணிலும் நீரிலும் தேடுவது வேறு. திருகு வடிவான இக்கிருமிக்கு, உருவத்தில் ஒத்த தீங்கற்ற உறவினங்கள் பல உள. அவை நீரில் இயல்பாக வாழ்பவை. நுணுக்குக்காட்டியில் இரண்டையும் வேறுபடுத்தல் அரிது.

வயல்நீரை நுண்டுளை வடியினூடு செலுத்தினால், மெல்லிய லெப்டோஸ்பைராக்கள் கடந்துசெல்ல, தடித்த பற்றீரியாக்கள் பெரும்பாலும் தடைப்படும். பின்னர் அவற்றை ஊட்டக்கரைசலில் வளர்ப்பர். ஆனால் தீங்கற்றவை விரைந்து பெருக, நோய்க்கிருமி தோன்ற வாரங்கள் பல செல்லும். ஆகவே இன்று ஆய்வாளர், நோய்க்கிருமியிடத்து மட்டுமே காணப்படும் மரபணுவைத் தேடி, அதனைப் பல கோடி படிகளாகப் பெருக்கி, சில மணி நேரத்தில் இனங்காண்கின்றனர்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. கிருமி உயிருள்ளதா, இறந்ததா என்பதை அது கூறாது. ஒரு போத்தல் நீரிற் கிருமி காணப்படாமையால், வயல் முழுவதும் பாதுகாப்பானதென்று கொள்ளவும் இயலாது.

எனவே விவசாயி சோதனை முடிவுக்குக் காத்திராது, முன்னரே காத்துக்கொள்ளல் வேண்டும். காயங்களை நீர்புகாவண்ணம் மூடுதலும், இயன்றவிடத்துச் சப்பாத்து அணிதலும் நன்று. வயல்வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகினால், தடுப்பு மருந்தான டொக்சிசைக்கிளின் பற்றி அறியலாம். சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் தோன்றுமாயின், தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, தாம் வயலில் வேலைசெய்ததை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். அவ்வொரு செய்தி, நோயை உரிய காலத்தில் இனங்காண உதவி, உயிரையே காக்கக்கூடும்.